அஞ்சடியில் தொங்கிய என் சடை

எங்கள் காலத்தில் பெண் பார்க்கும் சடங்கில் பெண்ணைத் தவிர எல்லாரும் பார்ப்பார்கள். மாப்பிள்ளை பார்ப்பார், மாப்பிள்ளையின் அம்மா பார்ப்பார், கூட வந்த தாய்மாமன் பார்ப்பார், கார் ஓட்டி வந்தவர்கூட டீ குடிக்கிற சாக்கில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். பெண் மட்டும் தரையைப் பார்க்க வேண்டும். நானும் தரையைத்தான் பார்த்தேன். தரையில் ஒரு ஓட்டை இருந்தது. வினையே அங்கேதான் ஆரம்பம்.

ஓட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கும் எங்கள் அப்பாவைப் போலவே நிறுத்தத் தெரியாது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோலசிலாங்கூர் பழைய டவுனில், குரங்குகள் குடியிருக்கும் அந்த மலைக்குக் கீழே, ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி ஒரு கடைவீட்டு வரிசை. கீழே கடை, மேலே வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கு முழு முழு மரமாக உத்தரம் ஓடும். வாசல் குறுகல், ஆனால் நீளம் என்றால் அப்படி ஒரு நீளம். முன்னால் நின்று சாப்பிடக் கூப்பிட்டால் பின்னால் இருப்பவர் பசியோடுதான் இருக்க வேண்டும். வீட்டு நடுவில் ஒரு சதுரத்துக்குக் கூரையே கிடையாது. வெயில், மழை, நிலா எல்லாம் நேராக உள்ளே வந்து இறங்கும். முன்பக்கம் மாடி அறை தெருவை நோக்கி நீண்டு, கீழே நடைபாதைக்கு நிழலாக நிற்கும். அந்த நடைபாதைக்கு நாங்கள் சொல்கிற பெயர் அஞ்சடி. மழை கொட்டினாலும் சரி, வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தலை நனையாமல் நடந்து போய்விடலாம்.

அப்பா தையல்காரர். பிறந்தது தோட்டத்து லயத்தில். லயமும் வரிசை வீடுதான், ஆனால் பலகைச் சுவர், அதுவும் கூரை வரை எட்டாது. முதல் வீட்டில் ஒருவர் தும்மினால் கடைசி வீட்டிலிருந்து “நூறு!” என்று குரல் வரும். அங்கேயிருந்து ஒரு தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வந்து, கீழே கடை மேலே குடும்பம் என்று நிமிர்ந்தவருக்கு அந்தச் சுவரின் கனமே பெரிய கௌரவம். யார் வந்தாலும் தட்டிக் காட்டுவார். “தட்டிப் பாருங்க. சத்தம் வருதா? வராது லா! செங்கல்லு, சுண்ணாம்பு!” (வந்தவர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவராக இருப்பார். பாவம், அவரும் தட்டுவார்.)

நானும் சளைத்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம், “எங்க வீட்டுல உள்ளயே மழை பெய்யும், தெரியுமா?” என்று பீற்றிக்கொண்டவள்தான்.

இப்போது ஓட்டை. மாடி முன்னறையின் பலகைத் தரையில், அஞ்சடிக்கு நேர் மேலே, கை நுழைகிற அளவுக்கு ஒரு சதுர ஓட்டை. மேலே ஒரு மரமூடி. ராத்திரியில் கதவு தட்டுவது யார் என்று கதவைத் திறக்காமலேயே பார்க்கக் கட்டினவர்கள் வைத்த ஏற்பாடு. எவ்வளவு விவரமான ஆட்கள், பாருங்கள்! எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பொத்தான் ஓட்டை. அப்பா அஞ்சடியில் மெஷினைப் போட்டுக்கொண்டு தைப்பார். பொத்தானோ நூல்கண்டோ தீர்ந்தால் மேலே பார்த்துக் குரல் கொடுப்பார், நாங்கள் ஓட்டை வழியாகப் போடுவோம். ஓட்டைக்குப் பக்கத்தில், அஞ்சடிப் பக்கமாக, உத்தரத்தில் அப்பா ஒரு வளைந்த ஆணி அடித்திருந்தார், தைத்த சட்டைகளைத் தொங்கவிட. அந்த ஆணியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்கவே மாட்டேன்.

எண்பதுகளில் ஒரு நாள் தரகர் ஒரு படத்தோடு வந்தார். மாப்பிள்ளை பெயர் சேகர். செரண்டாவில் ஃபேக்டரி வேலை, தாமான் குடியிருப்பில் புது வீடு, நல்ல குடும்பம். படத்தைப் பார்த்தேன். பெரிய மோட்டார் சைக்கிள் பளபளவென்று நின்றது. பக்கத்தில் மாப்பிள்ளை. தலையில் ஹெல்மெட், அதன் கண்ணாடியும் இறக்கிவிட்டிருந்தது.

“எப்படி இருக்காரு?” என்று அம்மா கேட்டார்.

“மோட்டார் சைக்கிள் லட்சணமா இருக்கு” என்றேன்.

என் அக்கா தன் புருஷன் முகத்தைத் தாலி ஏறின பிறகுதான் பார்த்தாள். நல்ல மனுஷன், குறை சொல்ல முடியாது. ஆனால் ‘நல்லவேளை’ என்று பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு கல்யாணம் எனக்கு வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தேன். “முகத்தைப் பார்க்காம நான் சரின்னு சொல்ல மாட்டேன்மா” என்றேன்.

அம்மா அரிசியைப் புடைப்பதை நிறுத்தவே இல்லை. “உன்கிட்ட யாருடி கேக்கப்போறா?” என்றார்.

அது சுருக்கென்று தைத்தது. அம்மா கோபத்தில் சொல்லவில்லை, நடக்கிறதைத்தான் சொன்னார். அதுதான் இன்னும் வலித்தது.

அப்புறம் அவருக்கே மனசு கேட்காமல் ஒரு வழி சொன்னார். டீ தட்டைக் கொண்டு போகும்போது கடைக்கண்ணால் ஒரு பார்வை. ஒத்திகை பார்த்தோம். கடைக்கண்ணால் பார்த்தால் தட்டு சாய்ந்தது, தட்டைப் பார்த்தால் மாப்பிள்ளை தெரியவில்லை. கடைசியில் மாப்பிள்ளையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் மடியில் ஒரு கிளாஸ் டீ கவிழ்ந்தது. “ஐயோ பாவி, நெசமாவே மாப்பிள்ளையா இருந்தா என்ன ஆகியிருக்கும்!” என்று அம்மா சேலையை உதறிக்கொண்டு குதித்தார். அப்போதுதான் எனக்கு ஓட்டை ஞாபகம் வந்தது. அவர்கள் எப்படியும் அஞ்சடியில் கொஞ்ச நேரம் நிற்பார்கள். அப்பா அவர்களைச் சுவரைத் தட்ட வைக்காமல் உள்ளே விடமாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னைச் சிங்காரித்த கதையை நானே சொன்னால் நன்றாக இருக்காது. ஆனாலும் சொல்கிறேன். மாம்பழ நிறத்தில் பட்டுப் புடவை. தலைமுடி அப்போது எனக்கு இடுப்புக்குக் கீழே. (இப்போது கேட்காதீர்கள்.) அம்மா எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னி, முழுக்க மல்லிகைச் சரம் சுற்றி, நுனியில் மூன்று உருண்டை வைத்த கறுப்புக் குஞ்சலம் கட்டிவிட்டார். “கூப்பிடுற வரைக்கும் அசையாம உக்காரு” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

அசையாமல் உட்காருவேனா? கார் சத்தம் கேட்டதும் ஜன்னலுக்குப் போய்ப் பலகைச் சட்டங்களைச் சாய்த்துப் பார்த்தேன். வாடகைக் காரிலிருந்து பட்டுச் சேலையில் ஓர் அம்மா இறங்கினார். பின்னாலேயே நீளமான குடையோடு ஒரு மாமா. அப்புறம் மோட்டார் சைக்கிள். மாப்பிள்ளை இறங்கினார். படத்தில் பார்த்த அதே ஆள்தான், அதே ஹெல்மெட். கழற்றுவார், கழற்றுவார் என்று பார்க்கிறேன், மனுஷன் கழுத்தடியில் எதையோ நோண்டிக்கொண்டே அஞ்சடிக்குள் நுழைந்துவிட்டார்.

உடனே தரையில் குப்புறப் படுத்து, மூடியை எடுத்துவிட்டு, ஒற்றைக் கண்ணை ஓட்டையில் வைத்தேன். நேர் கீழே வெள்ளை ஹெல்மெட் ஒரு பெரிய முட்டை மாதிரி தெரிந்தது.

“என்னடா, இன்னும் தலையில மாட்டிக்கிட்டு?” என்று அவர் அம்மா கேட்டார்.

“வார் மாட்டிக்கிச்சும்மா. கொக்கி கழல மாட்டேங்குது” என்றது ஹெல்மெட்.

சரி, கழற்றட்டும், காத்திருப்போம் என்று இன்னும் வசதியாக முகத்தைத் திருப்பினேன். தோளில் கிடந்த சடை வழுக்கியது. எண்ணெய் வைத்த முடி, மல்லிகைப் பாரம், நுனியில் குஞ்சலம். சர்ரென்று ஓட்டை வழியாக இறங்கிவிட்டது. பதறிப்போய் இழுத்தேன். குஞ்சலம் அப்பாவின் ஆணியில் மாட்டிக்கொண்டது. இன்னும் இழுத்தேன். இன்னும் இறுகியது. கன்னம் பலகையோடு ஒட்டிவிட்டது, தலையைத் தூக்க முடியவில்லை. ஓட்டையைச் சடையே அடைத்துக்கொண்டதால் இனிமேல் எதையும் பார்க்கவும் முடியாது. ஆனால் காது மட்டும் ஓட்டைக்குப் பக்கத்திலேயே இருந்ததால் கீழே பேசியது ஒவ்வொன்றும் துல்லியமாகக் கேட்டது.

“ரொம்பப் பழைய வீடோ?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“பழசு இல்லைங்க, உறுதி!” அப்பா ஆரம்பித்துவிட்டார். “தட்டிப் பாருங்க.” தட்டும் சத்தம் கேட்கவில்லை. (சுவர் அப்படி.) “நடுவுல வந்து பாருங்க, வானமே தெரியும்.”

“ஏன், ஓடு பத்தலையா?”

“காத்துக்காக விட்டதுங்க! ஃபேனே வேண்டாம்.”

“எங்க செரண்டா வீட்டுல மூணு ஃபேனு” என்றார் அந்த அம்மா. “புது தாமான். சுவரெல்லாம் வழவழன்னு இருக்கும். மேல கரையான் இல்ல, எலி இல்ல, ஒண்ணும் இல்ல.”

கரையான் என்ற வார்த்தை அப்பாவுக்கு ஆகவே ஆகாது. “கரையானா? இது செங்கால் மரம்ங்க! ஆணி அடிச்சா ஆணிதான் வளையும். நீங்களே பாருங்க” என்று சொல்லிக்கொண்டே, என் அருமை அப்பா, எல்லாரையும் அண்ணாந்து பார்க்க வைத்தார்.

அப்புறம் அந்த அம்மா வீறிட்டார். “ஐயோ! குரங்கு! குரங்கு வாலு!”

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் கூரைக்குக் கூரை குரங்கு, அதுவும் கறுப்பு வால் குரங்கு. பக்கத்து உணவுக்கடை காதர் பாய் கையில் கரண்டியோடு ஓடி வந்தார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு அஞ்சடி வழியாகவே நடந்து வந்து சேர்ந்தார்கள். (சொன்னேனே, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நனையாமல் வரலாம்.)

அப்பாவுக்கு அது யாருடைய வால் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மனுஷர் சமாளித்தார். இன்றைக்கும் நினைத்தால் மெச்சிக்கொள்கிறேன். “குரங்கு இல்லைங்க” என்றார் நிதானமாக. “அது மணிக்கயிறு. பழைய வீடு பாருங்க, கீழேருந்து இழுத்தா மேல மணி அடிக்கும்.”

“மல்லிகைப் பூ சுத்தியிருக்கே?”

“எங்க வீட்டுல மணிக்கும் பூ வைப்போம்.”

“ஓ! எங்கே, அடிக்குதான்னு பார்ப்போம்” என்று குடை மாமா தன் குடையின் வளைந்த கைப்பிடியைச் சடையில் கொக்கி போட்டு, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி ஒரு இழு இழுத்தார்.

“அய்யோ அம்மாஆஆ!”

அந்த அலறல் மலை மேல் இருந்த குரங்குகளுக்கே கேட்டிருக்கும்.

“மணி நல்லா அடிக்குது” என்றார் காதர் பாய்.

அம்மா மாடிக்கு ஓடி வந்து பார்த்தார். பட்டுப் புடவையோடு நான் நெடுஞ்சாண்கிடையாகக் கிடக்கிறேன். “என்னடி இது, இப்பவே விழுந்து கும்பிடுற?” என்றார். அப்புறம் புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு, என் தோளைப் பிடித்துத் தூக்கினார். வலி உயிர் போனது. கீழே அப்பாவின் குரல் தழுதழுத்தது. “வேற வழியில்ல. கத்தரிக்கோலை எடுங்க, வெட்டிடுவோம்.”

அப்பாவின் கத்தரிக்கோலை நீங்கள் பார்த்ததில்லை. நாலு மடிப்புக் காற்சட்டைத் துணியை ஒரே கடியில் கடிக்கும். நான் அழ ஆரம்பித்தேன். முடி போவதற்காக மட்டும் இல்லை. மாப்பிள்ளையைப் பார்க்கப் போய், மாப்பிள்ளை முகமும் தெரியாமல், முடியும் போய், மானமும் போய், மொத்தத் தெருவுக்கும் வேடிக்கையாகி, கடைசியில் யாரும் என்னிடம் எதுவும் கேட்காமலேயே எல்லாம் முடிந்துவிடப் போகிறதே என்ற ஆத்திரம். சொல்லப்போனால் வெட்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

அப்போதுதான் ஹெல்மெட்டின் குரல் கேட்டது. “வெட்டாதீங்க மாமா! முதல்ல இந்த வாரை வெட்டுங்க. இதை மாட்டிக்கிட்டு எனக்கு மேல பார்க்க முடியல.”

(மாமா என்றாரே, கவனித்தீர்களா? அப்பா அந்தக் கலவரத்திலும் கவனித்துவிட்டார்.)

“டேய், புது ஹெல்மெட்டுடா!” என்று அவர் அம்மா கத்துவதற்குள் நறுக் என்று சத்தம். யாரோ முக்காலியை இழுத்துப் போட்டார்கள். ஏறி நின்றிருக்க வேண்டும், ஏனென்றால் மூச்சுச் சத்தம் பக்கத்தில் கேட்டது. “கொஞ்சம் தளர்த்தி விடுங்க, இழுக்காதீங்க” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. மூன்று குஞ்சல உருண்டைகளையும் ஒவ்வொன்றாக ஆணியிலிருந்து பிரித்தார். ஒரு மயிர்க்கால்கூட வலிக்கவில்லை. அப்புறம் சடையைச் சுருட்டி, பாம்புப் பிடாரன் பெட்டிக்குள் விடுகிற மாதிரி, மெதுவாக ஓட்டை வழியாக மேலே தள்ளினார்.

நான் நிமிர்ந்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார், “எந்திரிடி, முகத்தைக் கழுவு.” நான் எழுந்திருக்கவில்லை. இவ்வளவு ஆனபிறகு இனி என்ன? மறுபடி குனிந்து கண்ணை ஓட்டையில் வைத்தேன்.

முக்காலி மேல் அண்ணாந்தபடி ஒரு முகம். வேர்த்து, ஹெல்மெட் அழுத்திய தடம் நெற்றியில் சிவந்து, முடியெல்லாம் கலைந்து, சிரிப்பை அடக்க முடியாமல் நின்றது. படத்தில் இருந்த மோட்டார் சைக்கிளைவிட எவ்வளவோ லட்சணம்.

“நல்லாப் பார்த்துக்கோங்க. படம் சரியா விழல” என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு கேட்டார், “என்ன சொல்றீங்க?”

கேட்டுவிட்டார். என்னிடம் கேட்டுவிட்டார்! யாருடி கேக்கப்போறா என்ற அம்மா பக்கத்தில்தான் நின்றார்.

“எனக்குச் சம்மதம்” என்றேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் தரையில் படுத்துக்கொண்டு ஓட்டைக்குள் மெதுவாகப் பேசும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. “நீல நூல்கண்டு போடுறேன்ப்பா!” என்கிற அதே கட்டைக் குரலில், அதே சத்தத்தில் சொல்லிவிட்டேன். மருந்துக்கடைச் சீனர்கூட வெளியே வந்து பார்த்தாராம்.

“நாங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலையே!” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பெண் வீட்டில் டீயைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கெத்தாகப் புறப்படுவதுதான் வழக்கம். அதற்கு வழியே இல்லாமல் போய்விட்டது.

“எனக்கும் சரிம்மா” என்று முக்காலியிலிருந்து பதில் வந்தது.

அப்பா தலைகுனிந்து நிற்கிறார் என்று நினைத்தேன். ஓட்டை வழியாகப் பார்த்தால் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்ததும் உத்தரத்தைக் காட்டி, “பார்த்தீங்களா, அந்த இழு இழுத்தும் ஆணி அசையல. செங்கால்!” என்றார்.

அன்றைக்கு டீ தட்டை நான் தலைநிமிர்ந்து கொண்டு போனேன். எதிரே இருந்தவரை நேராகப் பார்த்துக்கொண்டே கொடுத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

கல்யாணமாகிச் செரண்டாவுக்குப் போனேன். தாமான் வீடும் வரிசை வீடுதான். சுவர் வழவழப்பாகத்தான் இருந்தது. ஒரு நாள் தட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி, “யாரு?” என்று கேட்டாள். அத்தையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. என் முகமே சொல்லியிருக்கும் போல, கொஞ்ச நாளைக்கு என்னைக் கண்டால் ஃபேனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

இரண்டு வருஷம் இருக்கும். என் நாத்தனார் மாலாவைப் பெண் பார்க்க வருவதாகக் கலும்பாங்கிலிருந்து தகவல் வந்தது. அத்தை வீடெல்லாம் கழுவித் துடைக்கச் சொல்வார் என்று நான் வாளியை எடுத்தேன். அவர் என்னவோ யோசனையாக நின்றுகொண்டிருந்தார். “வேணாம் கோமதி. அவங்களைக் கோலசிலாங்கூருக்கு வரச் சொல்லியிருக்கேன். உங்கப்பா வீட்டுல வச்சுப் பார்க்கட்டும்” என்றார்.

“ஏன் அத்தை?”

“ராசியான வீடு” என்றார். அப்புறம் மாலா அந்தப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்தி, “அவளும் பார்க்கணும்ல?” என்றார்.

அன்றைக்கு எங்கள் மாடியில் அத்தையே மாலாவுக்குத் தலை வாரினார். சடை இல்லை, கெட்டியாக ஒரு கொண்டை, எத்தனையோ ஊசி குத்தி. அவளைப் படுக்கச் சொல்வதற்கு முன்னால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூட்டு வலியோடு முனகி முனகி, அவரே முதலில் தரையில் படுத்து ஓட்டையில் கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை.

“இங்கேருந்து எவ்வளவு நல்லாத் தெரியுது” என்றார், முகத்தைத் திருப்பாமலே. “எனக்கு யாரும் காட்டல கோமதி.”

கை கொடுத்து அவரைத் தூக்கிவிட்டேன். எப்போதும் பெருமையடித்த எங்கள் வீட்டைப் பற்றி அந்த நிமிஷம் பட்ட பெருமை வேறு எப்போதும் பட்டதில்லை.

கீழே அஞ்சடியில் கலும்பாங் கூட்டம் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது. குடை மாமாவும் வந்திருந்தார். குடையைத் தயாராகப் பிடித்துக்கொண்டு உத்தரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தேடினார். “எங்கேங்க அந்த மணிக்கயிறு? காணோமே?”

அப்பா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சரிசெய்துகொண்டே சொன்னார். “அது கல்யாணமாகிப் போயிடுச்சு.”

இன்றைக்கும் எங்கள் வீட்டில் சாவி காணோம், மூக்குக்கண்ணாடி காணோம் என்று யார் தேடினாலும் இந்தப் பதில்தான். பேரப்பிள்ளைகளுக்குக்கூட அர்த்தம் தெரியாமல் பழகிவிட்டது. அதெல்லாம் பரவாயில்லை. காலையில் கண்ணாடி முன்னால் நின்று, எலிவால் மாதிரி இருக்கிறதைப் பின்னிக்கொண்டே, “என் முடியெல்லாம் எங்கேதான் போச்சோ!” என்று நான் புலம்பும்போது, ஹாலிலிருந்து, பேப்பரை இறக்காமலேயே, அந்த ஹெல்மெட்காரரும் அதையேதான் சொல்கிறார்.